ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகுற வீடியோவை நம்பி பழைய அவுட்போர்டு வாங்காதீங்க

நாலு மாசம் முன்னாடி நம்ம தம்பி ஒருத்தர் ஷெட்டுக்கு வந்து போனை நீட்டுனாப்ல. "அண்ணே இதப் பாருங்க, ஒரே இழுப்பு, எப்படிப் பிடிக்குது பாருங்க." படகுக்குப் பின்னாடி மாட்டுற அவுட்போர்டு மோட்டார், 15 எச்பி, 2 ஸ்ட்ரோக், பெயின்ட் பளபளன்னு இருக்கு, ட்ரம்மு தண்ணிக்குள்ள தன்னோட காலை, அதாவது ப்ரொப்பெல்லர் இருக்குற அடிப்பாகத்தை, விட்டு நிக்குது, கயித்த இழுத்ததும் டக்குன்னு பிடிச்சிருச்சு. அரை நிமிஷ வீடியோ. நான் ரெண்டாவது தடவை போடச் சொல்லி, கயித்துல கை வைக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்தச் சொன்னேன். ட்ரம்மு தண்ணி மேல வானவில் கலர்ல எண்ணெய் படலம், தண்ணியே கலங்கிப் போய் அடி தெரியல. இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல, அப்புறம் எப்படி தம்பி எண்ணெய் வந்துச்சு? கொஞ்சம் முன்னாடி வரைக்கும் ஓடிட்டு இருந்த இன்ஜின் அது. நல்லா சூடேத்தி வச்சுட்டு அப்புறம் வீடியோ எடுத்திருக்காங்க.

தம்பி அப்பவே முழுக் காசும் அனுப்பியாச்சு.

நான் அவுட்போர்டு மெக்கானிக். ஆன்லைன்ல பாத்து வாங்கிட்டு வர்ற பழைய மோட்டார் ஷெட்டுக்கு நிறைய வருது. அதுல நல்லதும் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா வாங்குறவங்க எல்லாரும் பாக்குறது ஓடுதா ஓடலையான்னு மட்டும்தான். சாகப் போற மோட்டார் கூட சூடா இருந்தா அஞ்சு நிமிஷம் அழகா ஓடும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள வர்ற அமுக்கம், குறைஞ்ச இன்ஜின், கார்ப்ரேட்டர்ல பழைய பெட்ரோல் கறை புடிச்ச இன்ஜின், இதெல்லாம் தகராறு பண்றது ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்துட்டு காலையில முதல் தடவை இழுக்கும்போதுதான். அதனால நேர்ல போறதா இருந்தா, நான் வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டுப் போங்க, போனதும் கவரைக் கழட்டி ஹெட்டு மேல, அதாவது சிலிண்டரை மூடியிருக்குற பாகத்து மேல, கையை வைங்க. வெதுவெதுன்னு இருந்தா, உங்களுக்காக ஒருத்தர் முன்கூட்டியே வேலை பாத்து வச்சிருக்காருன்னு அர்த்தம்.

சரி, அந்த மோட்டார் வந்து சேந்துச்சு. முதல் வேலையா கியர் ஆயில் பாத்தேன். கீழ கியர் பாக்ஸ்ல ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், அடியில ஒண்ணு மேல ஒண்ணு. மோட்டாரை ஒரு ராத்திரி நேரா நிறுத்தி வச்சுட்டு அடி ஸ்க்ரூவை லேசா தளர்த்துனீங்கன்னா உள்ள தண்ணி பூந்திருந்தா அதுதான் முதல்ல வரும், ஏன்னா தண்ணி ஆயிலை விட கனம், கீழ போய் உக்காந்துக்கும். ஓடி முடிச்ச உடனே பாத்தா ரெண்டும் கலந்து வெள்ளையா பால் மாதிரி வரும். இதுல வந்தது சுத்தமான புது ஆயில். தம்பி முகத்துல ஒரே சந்தோஷம். எனக்கு அங்கதான் சந்தேகமே வந்துச்சு. மோட்டாரை விக்கப் போற ஆளு கியர் ஆயிலை எதுக்கு மாத்தணும்?

ப்ரொப்பெல்லரைக் கழட்டுனேன். பின்னாடி ஷாஃப்டுல நைலான் தூண்டில் நரம்பு சுத்தி, சூட்டுல உருகி, கறுப்பு வளையமா இறுகிப் போய்க் கிடக்கு. கத்தி முனையில நெம்பி எடுத்தா துண்டு துண்டா வருது, அதுக்குப் பின்னாடி, தண்ணி உள்ள வராம தடுக்குற ஆயில் சீலோட உதடு அறுந்து தொங்குது. தண்ணி பூர்ற வழி இதுதான். ட்ரம்முல விட்டு கியர் போட்டு கால் மணி நேரம் ஓட்டிட்டு மறுபடி ஆயிலை எடுத்தேன், இந்தத் தடவை வெள்ளை. புது ஆயில் ஊத்தி ஒரு நாள் தள்ளலாம், சீலை ஏமாத்த முடியாது. கியர் ஆயில் ஸ்க்ரூவுல சில மாடலுக்கு காந்தம் இருக்கும், அதுல மை மாதிரி நைசா கறுப்பு ஒட்டிருந்தா அது சாதாரண தேய்மானம், பயப்பட வேணாம். சில்லு சில்லா இரும்பு ஒட்டிருந்தா உள்ள கியர் பல்லு போயிட்டு இருக்கு.

அடுத்து கம்ப்ரஷன். அதை அளக்குற கேஜ் ஒண்ணும் பெரிய விலை கிடையாது, அடிக்கடி பழசு வாங்குறவங்க சொந்தமா ஒண்ணு வச்சுக்கோங்க. எல்லா ப்ளக்கையும் கழட்டிட்டு, இன்ஜினை நிறுத்துற கில் ஸ்விட்ச்சோட க்ளிப்பை எடுத்துட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசா திறந்து வச்சு நாலஞ்சு இழுப்பு இழுத்துப் பாக்கணும். எத்தன பிஎஸ்ஐ (அமுக்கத்தோட அளவு) வரணும்ங்கிறது மாடலுக்கு மாடல் மாறும், அதை மேனுவல்ல பாருங்க, சில 4 ஸ்ட்ரோக்ல இழுக்க லேசா இருக்கட்டும்னு அமுக்கத்தைக் குறைக்கிற டீகம்ப்ரஷன் இருக்குறதால கையால இழுக்கும்போது கம்மியாவே காட்டும், அதைப் பாத்து அலறாதீங்க. முக்கியமானது சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம். 10 சதவீதத்துக்குள்ள இருந்தா சரி. தம்பியோட மோட்டார்ல கீழ 115, மேல 70. மேல் சிலிண்டர் ஒருநாள் குளிர வைக்கிற தண்ணி ஏறாம வெந்து போயிருக்கு. ஹெட்டுக்குப் பக்கத்துல அந்த புது பெயின்ட்டை நகத்தால சுரண்டிப் பாத்தா அடியில பழைய பெயின்ட்டு கருகி பொரிஞ்சு நிக்குது.

பெயின்ட்டு பத்தி ஒண்ணு சொல்லணும். பழைய மோட்டார்ல கம்பெனி பெயின்ட்டு அங்கங்க உதிர்ந்து கீறல் விழுந்து இருந்தா எனக்கு அது மேல நம்பிக்கை ஜாஸ்தி. புதுசா அடிச்சிருந்தா நான் முதல்ல தேடுறது ஆனோடு கட்டியை. ப்ரொப்பெல்லருக்கு மேல தட்டையா இருக்குற காவிட்டேஷன் பிளேட்டுக்கு அடியிலயும், படகுல மாட்டுற ப்ராக்கெட்டுலயும் சாம்பல் கலர்ல உலோகக் கட்டி இருக்கும், உப்புத் தண்ணி மோட்டாரை அரிக்காம தான் அரிஞ்சு போறதுதான் அதோட வேலை. அது மேல பெயின்ட்டு பட்டாலே வேலை செய்யாது. ஸ்ப்ரே கேனை எடுத்து மோட்டாரை அழகு பண்றவங்க பாதிப் பேரு அதையும் சேத்து அடிச்சிருவாங்க. அந்த ஒரு கட்டியைப் பாத்தே விக்கிறது மெக்கானிக்கா, புரோக்கரான்னு சொல்லிரலாம். ஏற்கனவே கழட்டுன இன்ஜினா இல்லையான்னு தெரியணும்னா போல்ட்டு தலையில பெயின்ட்டு உடைஞ்சிருக்கான்னு பாருங்க. கழட்டுனது தப்பில்லை, கழட்டவே இல்லைன்னு சொன்னாதான் தப்பு.

தண்ணியில முங்குன மோட்டாரும் சந்தைக்கு வருது. கவருக்குள்ள, இன்ஜின் மேல சுத்துற ஃப்ளைவீல் சக்கரத்துக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தா மண்ணு படிஞ்சிருக்கும். வெளியில எடுத்த உடனே கழுவி ஆயில் விட்டு ஓட்டிருந்தா பொழைச்சிருக்கும், அப்படியே போட்டு வச்சிருந்தா உள்ள பேரிங் துருப்பிடிச்சிருக்கும், அதை கேஜ் காட்டாது.

பக்கவாட்டுல தண்ணி பீச்சுறதைப் பாத்துட்டு கூலிங் நல்லா இருக்குன்னு நினைச்சுக்காதீங்க. பம்ப் சுத்துதுங்கிறதுக்கு மட்டும்தான் அது சாட்சி. உள்ள உப்பு அடைச்சிருக்கா, சூட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணியை விடுற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சாங்கிறது பத்து நிமிஷம் ஓட்டி ஹெட்டு சூட்டைப் பாத்தாதான் தெரியும். முடிஞ்சா படகுல மாட்டி லோடுல ஓட்டிப் பாருங்க, கியர் நழுவுறது, ப்ரொப்பெல்லர் உள்ள இருக்குற ரப்பர் புஷ் வழுக்குறது எல்லாம் ட்ரம்முல வைக்கும்போது நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். அப்புறம் தண்ணி இல்லாம சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்னு எவராவது சொன்னா தடுத்துருங்க, தண்ணி பம்ப்புல சுத்துற ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்துலயே கருகிரும்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் மோட்டார்னு ஒண்ணு நிஜமாவே இருந்தாதான். இல்லாத மோட்டாரை விக்கிறவங்களும் இருக்காங்க. வேற யாரோ போட்ட விளம்பரத்துல இருந்து போட்டோ எடுத்து, பாதி விலை போட்டு, நான் வெளியூர்ல இருக்கேன், கொரியர் கம்பெனி கொண்டு வந்து தரும், புக் பண்ண மட்டும் அட்வான்ஸ் போடுங்க, இன்னும் ரெண்டு பேரு கேட்டுட்டு இருக்காங்கன்னு சொல்லுவாங்க. இந்த அவசரம்தான் அடையாளம். போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டுத் தேடுங்க. அப்புறம் இன்னிக்கு தேதியை ஒரு பேப்பர்ல எழுதி சீரியல் நம்பர் பிளேட்டு பக்கத்துல வச்சு போட்டோ கேளுங்க. மோட்டார் கையில இருக்குறவருக்கு அது ரெண்டு நிமிஷ வேலை, இல்லாதவருக்குத்தான் கோவம் வரும்.

அந்த பிளேட்டு ப்ராக்கெட்டுல இருக்கும், பல மோட்டார்ல இன்ஜின் பிளாக்லயும் தனியா நம்பர் குத்தியிருக்கும். ரெண்டும் பொருந்தணும், பில்லுலயும் அதே நம்பர் இருக்கணும். சுரண்டியிருந்தா திருட்டு மோட்டார்னு எடுத்துக்கிட்டு அப்படியே திரும்பிருங்க, நாளைக்கு உரியவர் வந்து கேட்டா மோட்டாரும் போகும் காசும் போகும். மாடல் நம்பரையும் தேடிப் பாருங்க. பல கம்பெனியில 9.9-ம் 15-ம் ஒரே பிளாக்தான், கார்ப்ரேட்டர் மாதிரி சில சாமான்தான் வேற, கவரை மாத்துனா பாக்குறவங்க கண்ணுக்கு எச்பி ஏறிரும். தம்பி வாங்குனதுல கவர்ல 15, பிளேட்டு மாடல் நம்பர் 9.9-க்கு உள்ளது. அன்னிக்கு அதைச் சொல்ல எனக்கே சங்கடமா இருந்துச்சு.

ஸ்பேரும் யோசிங்க. எவின்ரூட் கம்பெனி 2020-ல உற்பத்தியை நிறுத்திட்டாங்க, மோட்டார் நல்ல மோட்டார்தான், ஆனா உங்களுக்குப் பக்கத்துல சாமான் கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்குங்க. மெர்க்குரி கம்பெனியோட சின்ன 4 ஸ்ட்ரோக் நிறைய டொஹாட்சு கம்பெனி செஞ்சு கொடுத்ததுதான், அதனால ஒண்ணுல கிடைக்காதது இன்னொண்ணுல பொருந்த வாய்ப்பு இருக்கு. ஷாஃப்டு நீளம் 15, 20, 25 இன்ச்சுன்னு வரும், படகோட பின் பலகை உயரத்தை அளந்து வச்சுக்கிட்டு பேசுங்க. குட்டையா போனா காத்தை இழுத்துட்டு வெறுமனே அலறும், நீளமா போனா படகைப் பிடிச்சு இழுக்கும்.

கொரியர்ல வரவழைக்கிறதா இருந்தா 4 ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கமா படுக்க வைக்கணும்னு மேனுவல்ல போட்டிருக்கும், மாத்திப் படுக்க வச்சா ஆயில் சிலிண்டருக்குள்ள போயிரும். எந்த மோட்டாரா இருந்தாலும் தலை கீழயும் கால் மேலயும் போகக் கூடாது, கால்ல மிச்சம் இருக்குற தண்ணி, புகை வெளிய போற எக்ஸாஸ்ட் வழியா உள்ள இறங்கும்.

நேத்து அதே தம்பி வேற ஒரு வீடியோ அனுப்பியிருந்தாப்ல. இந்தத் தடவை விக்கிறவர் கவரைக் கழட்டி ஹெட்டு மேல உள்ளங்கையை அப்படியே வச்சுக் காட்டுறாரு, ட்ரம்முல தண்ணி அடி தெரியுற அளவுக்குத் தெளிவா இருக்கு. ஆறாவது இழுப்புலதான் பிடிச்சுது. எனக்குப் பிடிச்சிருக்கு, கியர் ஆயில் வீடியோவும் சீரியல் பிளேட்டு போட்டோவும் வாங்கு, அதுவரைக்கும் காசு போடாதன்னு பதில் போட்டிருக்கேன்.