கப்பல் வேலையைப் பள்ளியில் எப்படிச் சொல்வது?

பள்ளிகளில் கப்பல் துறையைப் பற்றிப் பேசப் போகும்போது முதலில் வரும் கேள்வி சம்பளம். அடுத்தது கடற்கொள்ளையர். அதற்குப் பிறகு அரங்கம் அமைதியாகிவிடும். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. மேற்கொண்டு என்ன கேட்பது என்றே அவர்களுக்குத் தெரியாது. மருத்துவமனையையும் நீதிமன்றத்தையும் வாசலில் நின்றாவது பார்த்திருப்பார்கள். துறைமுகம் வேலிக்குள் இருக்கிறது, கப்பல் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போகிறது. உலக வணிகச் சரக்கில் அளவுக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கடல் வழியாகத்தான் நகர்கிறது. 2021-இல் வெளியான மதிப்பீட்டின்படி, பன்னாட்டு வணிகக் கப்பல்களில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். இவ்வளவு பெரிய தொழிலைப் பற்றிப் பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் அதிகம் இருக்காது.

இந்தக் குறையைப் போக்கப் போகிற நாமும் பெரும்பாலும் விளம்பரம்தான் செய்துவிட்டு வருகிறோம். வெள்ளைச் சீருடை, தோளில் தங்கப் பட்டை, வெளிநாட்டுத் துறைமுகப் படங்கள், கடைசியில் ஒரு சம்பளத் தொகை. கை தூக்கியவர்களை எண்ணிக்கொண்டு திருப்தியாகத் திரும்புகிறோம். என் அளவுகோல் வேறு. இந்த வேலை ஒத்துவராத பிள்ளை, கல்விக் கடன் வாங்குவதற்கு முன்பே "இது எனக்குச் சரிப்படாது" என்று தெளிவாகச் சொல்ல முடிந்தால்தான் அந்த அறிமுகம் உருப்படியானது.

அதற்காக நான் செய்வது ஒரு டார்ச் விளையாட்டு. அறையை இருட்டாக்கிவிட்டு, ஒரு மாணவரின் இடக்கையில் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச், வலக்கையில் பச்சைக் காகிதம் சுற்றியது. இன்னொருவருக்கும் அப்படியே. கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. இருவரையும் எதிரெதிரே நடக்கவிட்டால் ஒருவர் கண்ணுக்கு மற்றவரின் இரண்டு நிறமும் சேர்ந்து தெரியும். அப்படித் தெரிந்தால் எதிர்க்கப்பல் நேராக நம்மை நோக்கி வருகிறது. இருவரும் வலப்புறம் திரும்ப வேண்டும். அடுத்து ஒருவரைக் குறுக்கே நடக்கவிடுவேன். நமக்கு வலப்பக்கத்திலிருந்து அவருடைய சிவப்பு தெரிந்தால் வழிவிட வேண்டியவர் நாம்தான். 1972-ஆம் ஆண்டு மோதல் தவிர்ப்பு விதிகளில் இரண்டைப் பாடமே எடுக்காமல் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அதிகாலை நான்கு மணிக்கு, கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் நிற்கிற அதிகாரியின் தலையில் என்ன ஓடுகிறது என்பதும் கொஞ்சம் பிடிபடும்.

இந்த விளையாட்டில் இன்னொரு பயனும் உண்டு. எப்போதாவது ஒரு பையன் சிவப்பையும் பச்சையையும் மாற்றிச் சொல்வான். மற்றவர்கள் சிரிப்பார்கள், நான் சிரிப்பதில்லை. அவனைத் தனியாக அழைத்துக் கண் மருத்துவரிடம் நிறப்பார்வைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வேன். நிறக்குருடு இருந்தால் டெக் அதிகாரி, அதாவது கப்பலைச் செலுத்தும் அதிகாரி, ஆக முடியாது. இன்ஜின் பிரிவிலும் எலெக்ட்ரிக்கல் பிரிவிலும்கூட நிறப்பார்வைக்குத் தகுதி வரையறை இருக்கிறது. புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டைகளைப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களைச் செலவிடாமல் முழுப் பயிற்சிக் கட்டணத்தையும் கட்டிய பிறகு மருத்துவப் பரிசோதனையில் பிள்ளை தோற்ற குடும்பங்கள் உண்டு. கண் பரிசோதனை முதலில், விண்ணப்பம் அப்புறம்.

இன்ஜின் ரூமைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. நான் அந்தப் பக்கத்து ஆள், அதனால் கொஞ்சம் பாரபட்சமும் இருக்கலாம். 2006-இல் வந்த எம்மா மேர்ஸ்க் என்ற சரக்குப் பெட்டகக் கப்பலின் பிரதான இன்ஜினுக்கு 14 சிலிண்டர், உயரம் பதின்மூன்றரை மீட்டர், எடை 2,300 டன், வேகம் நிமிடத்துக்கு நூறு சுற்றை ஒட்டித்தான். ஒரு பிஸ்டனின் விட்டம் 96 சென்டிமீட்டர். கரும்பலகையில் அந்த அளவுக்கு வட்டம் வரைந்தாலே வகுப்பு வாய் பிளக்கும். ஆனால் அங்கேயே நிறுத்தக் கூடாது. நாற்பது டிகிரிக்கு மேல் சூடு, காதடைப்பான் இல்லாமல் நிற்க முடியாத இரைச்சல், நகக்கண்ணில் போகாத எண்ணெய்க் கறை, நடு இரவில் அலாரம் அடித்தால் எழுந்து ஓட வேண்டிய கட்டாயம். இதையெல்லாம் கேட்ட பிறகும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைதான் இன்ஜின் ரூமுக்கான பிள்ளை.

மாணவர்களோடு பேசி முடித்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. பெற்றோர் கூட்டம் ஒன்றைத் தனியாக வைக்கச் சொல்லி வற்புறுத்துவேன். அங்கே வரும் கேள்விகள் ரகமே வேறு. "நடுக்கடல்ல அவனுக்கு உடம்புக்கு முடியலைன்னா யாரு சார் பார்ப்பா?" என்று ஓர் அம்மா கேட்டார். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. சரக்குக் கப்பலில் பொதுவாக டாக்டர் இருப்பதில்லை. மருத்துவப் பயிற்சி பெற்ற ஓர் அதிகாரியும், விதிப்படி நிரப்பப்பட்ட மருந்துப் பெட்டியும் இருக்கும். செயற்கைக்கோள் தொலைபேசி வழியே கரையிலுள்ள டாக்டரிடம் ஆலோசனை கேட்கலாம். ரோம் நகரில் 1935-இல் தொடங்கிய ஒரு மையம் எந்த நாட்டு மாலுமிக்கும் இதை இலவசமாகச் செய்து வருகிறது. நிலைமை மோசமானால் கப்பலை அருகிலுள்ள துறைமுகத்துக்குத் திருப்புவார்கள். கரைக்குப் பக்கத்தில் என்றால் ஹெலிகாப்டர் வரலாம், நடுக்கடல் என்றால் நாள்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். அந்த அம்மா தலையாட்டினாரே தவிர, முகம் தெளியவில்லை. தெளிய வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

குடும்பத்தைப் பிரிந்திருப்பதைப் பற்றியும் அப்படியே மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஒரு கான்ட்ராக்ட் பதவியையும் கம்பெனியையும் பொறுத்து நான்கு மாதமாகவும் இருக்கும், ஒன்பது மாதமாகவும் இருக்கும். நம் இடத்துக்கு மாற்றாக வரும் ரிலீவர் வரத் தாமதமானால் இறங்கும் தேதி தள்ளும். 2020-இல் கொரோனா காலத்தில் சுமார் நான்கு லட்சம் பேர் கான்ட்ராக்ட் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கப்பல்களிலேயே இருந்தார்கள். கப்பல் பணியாளர் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கை, எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம் என்று நிர்ணயித்திருக்கிறது. துறைமுகத்தில் சரக்கு இறங்கும் நாட்களில் இந்தக் கணக்கு எப்படி இழுபடும் என்பதைக் கப்பலில் இருந்தவர்களிடம் கேளுங்கள்.

சம்பளத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். பல கம்பெனிகளில் கப்பலில் இருக்கிற மாதங்களுக்குத்தான் சம்பளம். மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டுகிறவரை நம்ப வேண்டாம். வீட்டில் இருக்கும் மாதங்களையும் சேர்த்துச் சராசரி போடுங்கள். அதைவிட முக்கியம் முதல் கப்பல். அதிகாரிகளுக்குப் பற்றாக்குறை என்ற செய்தியும், படிப்பை முடித்த கேடட்டுக்கு, அதாவது பயிற்சி அதிகாரிக்கு, கப்பல் கிடைக்கவில்லை என்ற புலம்பலும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன. பயிற்சிக் காலக் கடல் சேவை இல்லாமல் அதிகாரிக்கான சான்றிதழ் கிடைக்காது. டெக் பிரிவில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவருக்கே குறைந்தது 12 மாதம் வேண்டும். ஆகவே சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கள் பிள்ளையை எந்தக் கம்பெனி கப்பலில் ஏற்றும், எழுத்தில் தருவீர்களா?" என்பதுதான்.

பெண் பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதைப் பார்த்திருக்கிறேன், கை மட்டும் தூக்க மாட்டார்கள். அன்னா ஷெட்டினினா என்ற சோவியத் பெண் 1935-இலேயே சரக்குக் கப்பலுக்குக் கேப்டன் ஆனவர். இருந்தும் அந்த 2021 மதிப்பீட்டில் பெண்களின் பங்கு 1.28 சதவீதம்தான். ஒரு கப்பலில் தான் ஒருத்தி மட்டுமே பெண்ணாக இருக்க நேரலாம் என்பதை அவர்களிடம் மறைப்பது நியாயமில்லை. கூடுமானால் கடலில் வேலை பார்த்த ஒரு பெண்ணையே பேச அழைத்துச் செல்லுங்கள். நான் சொல்வதைவிட அவர் சொல்வதை நம்புவார்கள்.

கப்பல் ஏறப் பிடிக்காதவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. அதைச் சொல்ல எனக்குக் கைகொடுப்பது எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல். 2021 மார்ச் 23 அன்று, 400 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கி ஆறு நாள் கழித்து மிதந்தது. "தப்பு யார் மேல?" என்று மாணவர்கள் கேட்பார்கள். "அந்த ஆறு நாளில் யாருக்கெல்லாம் வேலை இருந்தது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கப்பலுக்கு வழிகாட்டும் கால்வாய் பைலட், இழுவைப் படகு ஓட்டுநர், முனைப்பகுதியைச் சுற்றி மணலைத் தோண்டிய டிரெட்ஜர் பணியாளர், எவ்வளவு பளுவை எங்கே குறைத்தால் கப்பல் எழும் என்று கணக்குப் போட்ட மீட்புப் பொறியாளர். பிறகு சேதத்தை மதிப்பிடும் சர்வேயர், காப்பீட்டுக்காரர், கடல்சார் வழக்கறிஞர்; இழப்பீட்டுப் பேச்சு முடிந்து கப்பல் எகிப்தை விட்டுக் கிளம்பவே ஜூலை ஆகிவிட்டது. தாமதமாக வந்து குவிந்த கப்பல்களுக்கு இடம் ஒதுக்கித் தவித்த துறைமுகத் திட்டமிடுவோர் இன்னொரு பக்கம். பட்டியல் பலகையின் அடி வரை போகும். கடல் என்றாலே தலைசுற்றுகிறது என்ற ஒருவன் சட்டம் படிக்கலாமா என்று கேட்டபோது, தாராளமாகப் படி என்றேன்.

கடைசியாக, மோசடி. வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவைத் தவிர வேறு எதையும் வேலை தேடுபவரிடம் வாங்கக் கூடாது என்று அதே 2006 உடன்படிக்கை சொல்கிறது. விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. நியமனக் கடிதத்தில் கப்பலின் பெயரோடு ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணும் (ஒவ்வொரு கப்பலுக்கும் உரிய பன்னாட்டு அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைப் பிள்ளையே சோதிக்கலாம். எவர் கிவனின் எண் 9811000. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 63, 48, 5, 4, 0, 0 சேர்ந்து 120. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் எண்ணின் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே இரண்டும் பூஜ்யம். பொருந்தாவிட்டால் அந்த எண் போலி. பொருந்தினாலும், அந்த எண்ணுள்ள கப்பல் உண்மையில் யாருடையது, கடிதம் கொடுத்தவருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை உங்கள் நாட்டுக் கப்பல் நிர்வாகத்திடமும் அந்தக் கப்பல் கம்பெனியிடமும் நேரடியாக விசாரித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.