மழையில் அறுவடை: நெல்லுக்குக் காவல் இருப்பவரை யார் பார்ப்பது?

2025 தீபாவளிக்கு மறுநாள். விட்டு விட்டு மழை பெய்துகொண்டிருந்தது. கணவருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க என் கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா, சீட்டை நீட்டிவிட்டு நகராமல் நின்றார்.

"அவரு வரலையா?" என்றேன்.

"எங்கம்மா வர்றது? நெல்லு கொள்முதல்ல கெடக்கு, ஒம்போது நாளாச்சு. படுதாவுக்குப் பக்கத்துலயே படுத்துக்கெடக்காரு. தீபாவளிக்குக்கூட வரல. பலகாரத்தத் தூக்குவாளில போட்டு அங்கயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன்."

மாத்திரையை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "கால்ல ஏதோ புண்ணு வேற. கேட்டா வலிக்கலைங்கிறாரு."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை எழுந்து நிற்க வைத்தது. சர்க்கரைக்காரர் காலில் புண் இருந்து வலிக்கவில்லை என்றால், அது நல்ல செய்தி அல்ல. அன்று இரவு மகன் அவரைப் பிடிவாதமாக வண்டியில் உட்கார வைத்து அழைத்துவந்தார். விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்து, தோல் உரிந்து கிடந்தது. டெல்டாவில் சேற்றில் நிற்கும் யாருக்கும் வரும் சேற்றுப்புண்தான். ஆனால் சுண்டுவிரலின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. சர்க்கரை 386. அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "முடிய எவ்வளவு நேரமாகும்மா? பக்கத்து வீட்டுத் தம்பிய காவலுக்கு வச்சிட்டு வந்துருக்கேன்."

(அவர் யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேட்ட கேள்வியை மாற்றவில்லை.)

திருவாரூர் மாவட்டத்தின் ஒரு சிறிய ஊரில் பதினெட்டு வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். பிறந்ததும் விவசாயக் குடும்பத்தில்தான். இங்கே வருடத்தில் இரண்டு முறை எனக்குப் பயம் வரும். ஒன்று, குறுகிய கால நெல்லான குறுவையின் அறுப்பின்மேல் வடகிழக்குப் பருவமழை வந்து விழும் ஐப்பசி. இன்னொன்று, அடுத்த பருவத்து நெல்லான சம்பாவும் தாளடியும் தலைசாய்ந்து நிற்கும்போது பருவம் தப்பிப் பெய்யும் தை, மாசி மழை. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்த மழையில் அறுப்புக்கு நின்ற பயிர் அப்படியே படுத்துக்கொண்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்த நாட்களில் என் கிளினிக்கில் கூட்டம் குறையும். ஊரில் நோய் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வரவேண்டியவர்கள் வயலிலும், அரசு நெல் வாங்கும் கொள்முதல் நிலையத்திலும் இருக்கிறார்கள். நெல்லைப் போட்டுவிட்டு, பத்து நாள் கழித்து, முற்றிய நிலையில் வருவார்கள்.

மழையில் அறுப்பது என்றால் என்ன என்று வயல் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்லவேண்டும். கதிர் முற்றி நிற்கும்போது இரண்டு நாள் அடைமழை பெய்தால் பயிர் சாய்ந்துவிடும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால், வயலிலேயே வெள்ளை வெள்ளையாய் முளை விடும். குறுவையில் போடும் குறுகிய கால ரகங்களுக்கு விதை உறக்கம் குறைவு. ஈரம் பட்டதும் முளைத்துவிடும். ஈர வயலில் டயர் வைத்த அறுவடை மிஷின் இறங்காது, பெல்ட் மிஷின்தான் வேண்டும். ஊரே ஒரே நேரத்தில் கேட்கும்போது பெல்ட் மிஷின் கிடைப்பது பெரும்பாடு. வாடகையோ மணிக்கணக்கு. நின்ற பயிரை அறுப்பதைவிடச் சாய்ந்த பயிரை அறுக்க நேரம் அதிகம் பிடிக்கும். நெல் குறையக் குறையச் செலவு ஏறும்.

இத்தனையும் கஷ்டம்தான். ஆனால் பதினெட்டு வருடத்தில் நான் பார்த்தவரை, ஆளை உடைப்பது மழை இல்லை. அறுத்த பிறகு வரும் காத்திருப்பு.

அறுக்கும் இரண்டு நாளும் மனிதர் ஓடிக்கொண்டிருக்கிறார். மிஷினுக்கு அலைகிறார், டிராக்டருக்குப் பேசுகிறார், கத்துகிறார், சாப்பிட மறக்கிறார். அந்த ஓட்டத்தை உடம்பு தாங்கும். அதற்காகவே உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டப்பட்ட பிறகு அவர் செய்ய ஒன்றுமில்லை. ஏற்கனவே வாங்கிய மூட்டைகளை ஏற்ற லாரி வரவில்லை. லாரி வராததால் இடமில்லை. இடமிருந்தால் சாக்கு இல்லை. சாக்கு வந்தால் மழை. நாளைக்கா, நாலு நாளா, யாரும் சொல்லமாட்டார்கள். கைக்கு வேலை இல்லை, மனதுக்கு ஓய்வும் இல்லை. இப்படி முடிவு தெரியாமல் நாள் கணக்கில் நீளும் பதற்றத்தில்தான் ரத்த அழுத்தம் ஏறி நிற்கிறது, சர்க்கரை கட்டுக்கடங்காமல் போகிறது, தூக்கம் போய்விடுகிறது.

அந்தக் குவியலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிப்பம், அதாவது மூட்டை, 40 கிலோ. 2025 குறுவையின்போது அரசு கொள்முதலில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2500 ரூபாய் கொடுத்தார்கள். ஆக ஒரு சிப்பம் 1000 ரூபாய். மூன்று ஏக்கர்க்காரர் நூற்றைம்பது சிப்பம் கொண்டுவந்திருந்தால் ஒன்றரை லட்சம் ரூபாய். நாலு மாத உழைப்பு, கூட்டுறவுக் கடன், அடகுக்கடையில் இருக்கும் மனைவியின் சங்கிலி, எல்லாம் திறந்தவெளியில் ஒரு படுதாவுக்கு அடியில். அதை விட்டுவிட்டு வந்து வீட்டில் தூங்கு என்றால் எப்படித் தூக்கம் வரும்?

என் சித்தப்பாவோடு ஒருமுறை கொள்முதல் நிலையத்தில் நின்றிருக்கிறேன். வெயில் தலைகாட்டிய ஒரு மணி நேரத்தில் குவியலைப் பிரித்து, காலாலேயே கோடு கோடாகக் கிளறி, நெல்லைக் காயவைத்திருந்தார். பட்டியல் எழுத்தர் ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து ஈரப்பதம் பார்க்கும் மிஷினில் போட்டார். வரம்பு 17 சதவீதம். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தார்கள். பி.பி. பார்க்கும்போது என் எதிரே உட்காருபவர்கள் எண்ணைப் பார்ப்பார்களே, அதே பார்வை. 19.4 வந்தது. சித்தப்பா எதுவும் பேசவில்லை. குவியலுக்குத் திரும்பி வந்து மறுபடியும் காலால் கிளற ஆரம்பித்தார். மூன்று மணிக்குத் தூறல் போட்டது. அந்த நேரத்தில் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தேன்: 118. வரம்பைத் தளர்த்தும்படி மாநிலம் கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும் நடக்கத்தான் செய்கிறது. உத்தரவு வரும்வரை நெல் காத்திருக்காது.

இந்த நாட்களில் என்னிடம் வருகிற யாரும் "மன அழுத்தம்" என்ற சொல்லைச் சொன்னதில்லை. "தலை கிறுகிறுங்குதும்மா", "சோறு எறங்கல", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "கண்ண மூடுனா மழ சத்தம்தான் கேக்குது" என்பார்கள். ஆண்கள் அதையும் சொல்வதில்லை. மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நெஞ்சு படபடப்பு எல்லாமே மனசுதான் என்று விட்டுவிடவும் முடியாது. ஐம்பது வயதைத் தாண்டியவர், மூட்டை தூக்கும்போது நெஞ்சை அழுத்துகிறது, வியர்க்கிறது, இடது கை வலிக்கிறது என்றால் அது கவலை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நெல்லைப் பக்கத்துக் குவியல்காரர் பார்த்துக்கொள்வார். இதுவரை அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் இங்கே இரண்டு விதமாக மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் மாத்திரையை மறந்துவிட்டு, மணிக்கொரு சர்க்கரை டீயும் பன்னுமாக நாளை ஓட்டுவார்கள். சிலர் காலை மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பார்கள். இரண்டாவது இன்னும் ஆபத்து. உடம்பு நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டு உடனே சர்க்கரை கலந்த தண்ணீரோ டீயோ குடிக்க வேண்டும். "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டம் வழியாக மாத்திரை வாங்குபவர்கள், அறுப்புக்கு முன்பே வீடு தேடி மாத்திரை தரும் அக்காவிடம் சொல்லிவைத்துக் கையிருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பட்டையைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் பையிலேயே போட்டுவிடுங்கள். சிட்டா, அடங்கல் என்ற நிலக் காகிதங்களும் வங்கிப் புத்தகமும் வைக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள். அந்த உறையை மட்டும் யாரும் மறப்பதில்லை.

காலைத் தினமும் ஒரு முறையாவது கழுவி, விரல் இடுக்கை நன்றாகத் துடைத்து உலர்த்தி, வெளிச்சத்தில் பாருங்கள். தன்னால் குனிந்து பார்க்க முடியாவிட்டால் சாப்பாடு கொண்டுவருபவர் பார்க்கட்டும். சேற்றுத் தண்ணீரில் நின்ற பிறகு காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலில் கடுமையான வலி என்று வந்தால் மெடிக்கலில் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். வயல் தண்ணீரில் நின்றேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் மருந்து எளிது.

இன்னொன்று மின்னல். வானம் இருட்டி இடி இடிக்கிற அதே நிமிடத்தில்தான் படுதாவைப் போட எல்லோரும் திறந்த களத்துக்கு ஓடுகிறோம். நனைகிற நெல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மேகம் கட்டும்போதே மூடிவிடுங்கள், இடி ஆரம்பித்த பிறகு ஓடாதீர்கள்.

குத்தகைக்காரர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நான் பார்த்ததில் மிக அதிகமாக ஒடுங்கிப்போகிறவர்கள் அவர்கள். நிலம் தன் பெயரில் இல்லை. ஒவ்வொரு காகிதத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் நிலக்காரரிடமும் போய் நிற்கவேண்டும். நிவாரணம் அறிவித்தாலும் பெயர் பட்டியலில் வருமா என்ற கவலை. மழையில் விளைச்சல் போனாலும் நிலக்காரருக்கு அளக்க வேண்டிய மூட்டை பெரும்பாலும் குறைவதில்லை. "இந்த வருசம் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று கேட்பதற்கே இரண்டு நாள் தூங்காமல் கிடந்த ஒருவரை எனக்குத் தெரியும். இதைப் படிப்பவர்களில் ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் இருந்தால், மழை பெய்த வாரத்தில் அவர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே ஒரு போன் போடுங்கள். "நெல்லு நனைஞ்சிருக்கும், கணக்க அப்புறம் பாத்துக்கலாம்" என்ற ஒரு வரி, நான் எழுதித் தரும் தூக்க மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும்.

தூக்கத்துக்காகக் குடிப்பதும் இந்த நாட்களில் கூடுகிறது. குடித்தால் கண் செருகும். நடுராத்திரி விழிப்பு வந்து, விடியும்வரை மனம் இன்னும் மோசமான இடத்துக்குப் போகும். உண்மையான வழி, காவலை முறை போட்டுக்கொள்வதுதான். பக்கத்துப் பக்கத்துக் குவியல்காரர்கள் மூன்று பேர் சேர்ந்தால், ஒருவர் இருக்க மற்ற இருவர் வீட்டில் படுக்கலாம்.

இப்போது சொல்லப்போவதை வீட்டில் இருப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். எரிந்து விழுபவரைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்கிப்போனால், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று கேட்காமலே கணக்குச் சொல்ல ஆரம்பித்தால், "நான் இல்லாட்டியும் நீங்க பாத்துக்குவீங்க" என்றால், அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பயப்படவேண்டாம். அப்படி ஆவதில்லை. கேட்ட பிறகு அழுது, பிறகு நிம்மதியாகப் பேசியவர்களையே நான் பார்த்திருக்கிறேன். 14416 என்ற எண்ணில் "நட்புடன் உங்களோடு" மனநலச் சேவை இரவு பகலாக இருக்கிறது, 104-க்கும் பேசலாம். இரண்டுமே இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். பயிருக்கு மருந்தடித்த மிச்சம் வீட்டில் இருந்தால் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டைவிட்டே அகற்றினால் இன்னும் நல்லது. அந்த எண்ணம் மிகக் கூர்மையாக இருக்கும் நேரம் பெரும்பாலும் குறைவு. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே ஓர் உயிர் தங்கிவிடும்.

தவறி ஏதாவது நடந்துவிட்டால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து நேரத்தை வீணாக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115-ஆவது பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறது, தண்டிப்பதில்லை. நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அந்த அம்மாவின் கணவருக்குச் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், பக்கத்து வீட்டுத் தம்பியே நின்று நெல்லை எடை போட்டுக் கொடுத்துவிட்டார். தை மாதம் அந்த அம்மா மறுபடி வந்தார். தாளடி அறுக்க இன்னும் இருபது நாள் இருந்தது. இந்த முறை சீட்டில் மாத்திரை மட்டும் இல்லை. காலுக்குப் பவுடரும் பஞ்சும் கேட்டார். "மூணு பேரா முறை பேசிட்டாங்கம்மா. இவருக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான் ராத்திரிக் காவலு. மத்த நாளு வீட்டுலதான் படுக்கணும்னு சொல்லிட்டேன்." சரி என்றாரா என்று கேட்டேன். "பாப்போம்ங்கிறாரு," என்று சொல்லிவிட்டு, பஞ்சு இரண்டு கட்டாகக் கொடுக்கச் சொன்னார்.