பேஸ்மெண்ட் பாத்ரூம் ட்ரெயின் பைப்: டைல்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"டைல்ஸ் மாத்தியாச்சு, க்ரௌட் புதுசா போட்டாச்சு, ஆனா நாத்தம் போகலண்ணே"ன்னு ஒரு வீட்ல கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தா தரை பளபளன்னு இருக்கு, ஆனா க்ளோசெட் பக்கம் கட்டையால தட்டுனா டொக் டொக்னு காலியா கேக்குது. உடைச்சுப் பார்த்தேன், பழைய காஸ்ட் அயர்ன் பைப், மேல்பக்கம் நல்லா கணீர்னு இருக்கு, கையை அடியில விட்டா அங்க பைப்பே இல்ல, விரல் நேரா சேத்துக்குள்ள போகுது. தண்ணி எப்பவும் அடி வழியாதான ஓடும், அதனால அடிதான் முதல்ல துருப்பிடிச்சு அரிச்சுப் போகும். இத்தனைக்கும் அந்த வீட்ல ஒரு நாளும் அடைப்பு வந்ததில்ல, ஏன்னா பாதி தண்ணி மண்ணுக்குள்ள இறங்கி ஸ்லாபுக்கு அடியில இருந்த மண்ணையே கரைச்சு எடுத்துட்டுப் போயிட்டு இருந்துச்சு. தண்ணி வேகமா இறங்குதுன்னா பைப் நல்லா இருக்குன்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க.

அதுக்காக நாத்தம் வந்த உடனே தரையை உடைக்கவும் வேணாம். புழங்காத பாத்ரூம்னா ட்ராப்ல, அதாவது ட்ரெயின் வாய்க்குக் கீழ வளைஞ்சிருக்க பைப்புல, நிக்கிற தண்ணி காஞ்சிருக்கும், அந்த தண்ணிதான் சாக்கடை கேஸை தடுக்குது, ஒரு பக்கெட் ஊத்துங்க, நாத்தம் நின்னுட்டா வேலை முடிஞ்சது. ஓதம்னா எல்லா டேப்பையும் மூடிட்டு மீட்டரைப் பாருங்க, சுத்துச்சுன்னா கசியறது நல்ல தண்ணி லைன். சுத்தாம, குளிச்சா மட்டும் ஓதம் ஏறுதுன்னா ட்ரெயின் மேலதான் சந்தேகம், பைப்புக்குள்ள கேமரா விட்டுப் பாத்துட்டு அப்புறம் உடைக்கலாம்.

இன்னொண்ணு கெஞ்சிக் கேட்டுக்கிறேன், அடைப்புக்கு ஆசிட் ஊத்தியிருந்தா வேலைக்கு வர்றவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க. ட்ராப்லயே தேங்கி நிக்கும், கழட்டும்போது மூஞ்சிலயே தெறிக்கும், கண்ணே போயிடும்.

ரிப்பேர்னு வந்தா ஓட்டை மேல பூச்சு பூசுற வேலை வேணவே வேணாம், அது ரொம்ப நாள் நிக்காது. கெட்ட பாகத்தை நல்ல இரும்பு வர்ற வரைக்கும் அறுத்து எடுத்துட்டு பிவிசி போடணும். இரும்பும் பிவிசியும் சேர்ற இடத்துல வெறும் ரப்பர் போதாது, மேல ஸ்டீல் பட்டை சுத்துன கப்ளிங்தான் போடணும், இல்லன்னா மண்ணு இறங்குறப்போ ஜாயிண்ட் தொங்கிடும். வாட்டம் ரசமட்டம் வெச்சுப் பாக்கணும், 2 இஞ்ச் பைப்புக்கு ஒவ்வொரு அடி நீளத்துக்கும் கால் இஞ்ச் இறக்கம், 4 இஞ்சுக்கு கொறஞ்சது அரைக்கால் இஞ்ச். பைப் அடியில உடைச்ச கான்கிரீட் துண்டைப் போட்டு மூடுறாங்க, அது மேல கொஞ்சம் பாரம் ஏறுனாலும் அந்த ஒரு முனையிலயே பைப் விரியும், அதனால மணல் கொட்டி கெட்டிச்சுட்டு அது மேலதான் பைப் உக்காரணும். தெருவுல இருக்க சாக்கடை மேன்ஹோல் மூடி உங்க பேஸ்மெண்ட் தரையை விட உயரத்துல இருந்துச்சுன்னா தரை திறந்திருக்கும்போதே சாக்கடை தண்ணி திரும்பி உள்ள வராம தடுக்குற நான்-ரிட்டர்ன் வால்வும் போட்டுடுங்க, மெயின் லைன் அடைச்சா முதல்ல பொங்குறது உங்க ஃப்ளோர் ட்ராப்லதான்.

எல்லாம் மாட்டியாச்சுன்னு உடனே கான்கிரீட் போட விடாதீங்க. அந்த வீட்ல கீழ்முனையை டெஸ்ட் ப்ளக் வெச்சு அடைச்சுட்டு க்ளோசெட் வாய் வரைக்கும் தண்ணி நிறுத்தி பைப்புக்குள்ள பென்சில்ல ஒரு கோடு போட்டேன். கால் மணி நேரம் கண்டிப்பா பாக்கணும், நான் ராத்திரி முழுக்க விட்டுட்டேன். காலையில டார்ச் அடிச்சுப் பார்த்தா தண்ணி கோட்டுலயே நிக்குது. அதுக்கப்புறம்தான் மணலைத் தள்ள சொன்னேன்.