தேனீ பூவைக் கருவுறச் செய்வதில்லை

"தேனீக்கள் பூக்களைக் கருவுறச் செய்கின்றன." தோட்டக்கலைத் துண்டறிக்கை, நாளிதழின் வேளாண் பக்கம், காணொளி எதைத் திறந்தாலும் இந்த வாக்கியம்தான். தேனீ செய்வது மகரந்தச் சேர்க்கை, அதாவது பூவின் மஞ்சள் தூளைப் பெண் உறுப்பின் நுனியில் கொண்டுபோய் ஒட்டுவது. கருவுறுதல் அதற்குப் பிறகு சூலகத்துக்குள், விதை உருவாகும் இடத்தில், நடக்கும் வேறு வேலை. தருமபுரிப் பக்கம் மாடு வளர்ப்பவர் யாரும் சினை ஊசி போட்ட அன்றே மாடு சினை என்று சொல்வதில்லை. இரண்டு மூன்று மாதம் பொறுத்து, சினை பார்த்த பிறகே சொல்வார்கள். அந்த நிதானம் பூவைப் பற்றி எழுதுபவருக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் வேண்டும்.

மகரந்தம் வடசொல். அங்கே அதற்குப் பூந்தேன் என்று பொருள்; தூளுக்குப் பராகம். தமிழுக்கு வந்து தூளைக் குறிக்கலாயிற்று. ஓசூர், தேன்கனிக்கோட்டையில் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவருக்கு மகரந்தம் என்றால் இன்றும் தேன்தான். கன்னடத்தில் இந்நிகழ்வுக்குப் 'பராகஸ்பர்ஷ' என்று பெயர், அதாவது தூள் தொடுதல். நம் 'சேர்க்கை'யைவிட இது துல்லியம். சேர்க்கை என்றதும் இரண்டும் கலந்துவிட்டதாகத் தோன்றுகிறது. கருவுறுதல் என்ற பிழை நுழைவது அந்த வழியாகத்தான்.

தமிழில் பழைய சொல் தாது. 'தாதுண் பறவை' என்கிறது அகநானூறு. வெறும் தாது என்றால் மாட்டுக்குப் போடும் தாது உப்பு நினைவுக்கு வரும் என்பதால் பூந்தாது என்பதே நல்லது. நிகழ்வுக்குப் பூந்தாது படிதல், கையால் செய்தால் தாது தடவுதல்.

பூசணியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பெண்பூவின் அடியில் குட்டிக்காய் இருக்கும்; ஆண்பூவுக்கு நீண்ட மெல்லிய காம்பு. காலை 6 முதல் 9 மணிக்குள் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, மஞ்சள் தூள் விரலில் ஒட்டுகிறதா என்று பார்த்து, பெண்பூவின் சூல்முடியில் (பூவின் நடுவே உள்ள பெண் உறுப்பின் நுனியில்) மூன்று மடலிலும் தடவ வேண்டும். (பீர்க்கு, சுரைக்கு மாலையில், அவை அப்போதுதான் மலரும்.) நம் கை வேலை அத்தோடு சரி. பிறகு ஒவ்வொரு துகளும் குழாய் விட்டு, சூல்முடிக்குக் கீழுள்ள சூல்தண்டில் இறங்கி, விதையாகப்போகும் ஒரு சூலை எட்ட வேண்டும். ஒரு விதைக்கு ஒரு துகள். 300 விதைக்குக் குறைந்தது 300. ஒரு மடலில் மட்டும் தடவினால் காய் ஒருபக்கம் சூம்பிக் கோணிப்போகலாம்.

சொல் குழம்பினால் மருந்தும் தவறும். மழை நாளில் பூசணிப் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தால் பெரும்பாலும் தாது படியவில்லை. மறுநாள் பூக்கும் பூவுக்குத் தடவிச் சரிசெய்யலாம். சித்திரை வெயிலில் பாலக்கோட்டுத் தக்காளிப் பூ உதிர்வது வேறு. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது தாது உயிர்ப்பிழக்கிறது. படிந்தாலும் குழாய் இறங்காது. அங்கே தேனீப்பெட்டி வைத்துப் பயனில்லை, நடவுப் பருவத்தைத்தான் மாற்ற வேண்டும். இரண்டுக்கும் 'கருவுறவில்லை' என்றே எழுதிக்கொடுத்தால் விவசாயி எதைச் செய்வார்?

கருவுறுதல் என்ற சொல்லுக்கு வேலை இல்லாமலும் இல்லை. குழாய் வழி வரும் இரண்டு ஆணணுக்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசையை உண்டாக்குகிறது. 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் கண்டுசொன்ன இரட்டைக் கருவுறுதல் இது. நாம் கிண்டும் கேழ்வரகுக் களியில் பெரும்பங்கு அந்த முளைசூழ்தசையின் மாவுதான். படிதலுக்கே கருவுறுதல் என்று பெயர் கொடுத்துவிட்டால் இதை எந்தச் சொல்லால் சொல்வது?

முளைத்தல் என்ற சொல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை, எல்லோரும் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் முளைப்பது எது என்பதும் இதே கணக்கில் வரும். பெங்களூரா மாம்பழத்தின் சதை தாய்மரத்துடையது. கொட்டைக்குள் இருக்கும் கருவில் பக்கத்து மரத்துத் தாதும் கலந்திருக்கும். கொட்டை போட்டு முளைத்த கன்று தாயைப் போலவே காய்க்காததும், சந்தூர் நாற்றுப்பண்ணைகளில் ஒட்டுக்கன்று கேட்டு வாங்குவதும் இதனால்தான்.