ரீட்மீயில் இருக்கும் கட்டளையைக் கடைசியாக யார் ஓட்டிப் பார்த்தார்கள்?

திறமூலத் திட்டங்களில் ஆவணங்களைச் சரிபார்ப்பது எனக்குச் சில வருடப் பழக்கம். புதிதாக வருகிறவர் 'இன்ஸ்டால் ஆகவில்லை' என்று எழுதினால் நான் முதலில் சந்தேகப்படுவது எங்கள் ரீட்மீயைத்தான், அதாவது நிறுவும் வழியைச் சொல்லும் அறிமுகக் கோப்பை.

பழைய கட்டளை பிழை காட்டி நின்றுவிட்டால் தேவலை. நடுவில் கோடு போட்டு எழுதும் டாக்கர்-கம்போஸ் கருவியின் பழைய பதிப்புக்கு 2023 ஜூலையோடு அப்டேட் நின்றது. புதிய கணினியில் 'கட்டளை இல்லை' என்று வந்தால், கோட்டை எடுத்து இடைவெளி விட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். சரி, அது சின்ன விஷயம். படுத்துவது, பிழையே காட்டாமல் வேறு எதையோ செய்துவிட்டுப் போகும் கட்டளைகள்தான். கோ மொழிக் கருவிகளை நிறுவ எல்லோரும் 'கோ கெட்' என்று எழுதிக்கொண்டிருந்தோம். 2022 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பிலிருந்து அது எதையும் நிறுவாது, ஆனால் ஒரு மாட்யூல் (கோ திட்டம்) ஃபோல்டருக்குள் இருந்து அடித்தால், அந்தத் திட்டத்துக்குத் தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் கோ.மாட் கோப்பில் வரியைச் சேர்த்துவிட்டு அமைதியாக முடிந்துவிடும். கருவி வந்துவிட்டதென்று நம்பி, பாவம், அவர் கட்டளைகளை எங்கே தேடுவது என்று கணினிக்குச் சொல்லும் பாத் செட்டிங்கை நோண்டிக்கொண்டிருப்பார். அங்கே இருக்க வேண்டியது 'கோ இன்ஸ்டால்', கடைசியில் அட் குறியோடு பதிப்பு எண்.

பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கதை இன்னும் மோசம். டெபியன் 12 லினக்ஸில் சிஸ்டம் பைத்தானுக்குள் நேரடியாக பிப் இன்ஸ்டால் செய்ய விடாது. ஆனால் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று சேர்த்தால் மீறலாம் என்பதையும் அதே பிழைச் செய்தி சொல்லிவிடுகிறது. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் அவசரத்தில் இருப்பவர் அதைத்தான் ஒட்டுவார். வென்வ், அதாவது திட்டத்துக்கென்று தனிப் பைத்தான் சூழல், உருவாக்கும் வரியை முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் அவர் அந்தச் செய்தியையே பார்த்திருக்க மாட்டார்.

திருத்தும்போது காலி கன்டெய்னர் (கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் புதுச் சூழல்) ஒன்றைத் திறந்து, ஆவணத்தில் இருப்பதை எழுத்து மாறாமல் ஒட்டிப் பாருங்கள். உங்கள் கணினியில் ஓடுவது கணக்கில்லை, அதில் ஏற்கெனவே எல்லாம் இருக்கும். அப்புறம் பழைய கட்டளையை திட்டத்தின் எல்லாக் கோப்புகளும் இருக்கும் மொத்த ரெப்போவிலும் தேடுங்கள். நானே ஒருமுறை ரீட்மீயை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன். கருவியின் ஹெல்ப் செய்தியில் பழையது அப்படியே கிடந்தது, மறுநாளே அதே கேள்வி வந்தது. பழைய வெளியீட்டுக்கான ஆவணத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். 1.16-க்கு முந்தைய கோ பதிப்புகளில் 'கோ இன்ஸ்டால்' கட்டளையின் அந்த அட் வடிவம் ஓடாது.

எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள், என்ன வந்தது என்பதை, திருத்தத்தைச் சேர்க்கக் கேட்டு அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டில் எழுதுங்கள். கூடவே கமா, சந்திப் பிழைத் திருத்தங்களைச் சேர்த்துவிடாதீர்கள்; கட்டளையை ஓட்டிப் பார்த்து அன்றே மெர்ஜ் செய்துவிடுவேன், கமாவுக்கு வாரக்கணக்கில் சண்டை நடக்கும்.