ஒட்டிய எலும்பும் ஒட்டாத குருத்தெலும்பும்: பால் மெக்ராத்தின் முழங்கால்கள்

2017 மார்ச் 24 அன்று டப்ளின் அவிவா மைதானத்தில் வேல்ஸுக்கு எதிராக நடந்த கால்பந்து உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில், அயர்லாந்து அணித்தலைவர் ஷேமஸ் கோல்மனின் கீழ்க்கால் எலும்புகள் இரண்டும் முறிந்தன. 28 வயதான அவருடைய ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்துவிடுமோ என்று அரங்கமே அஞ்சியது. ஆனால் 313 நாள்கள் கழித்து, 2018 ஜனவரி 31 அன்று, எவர்ட்டன் அணிக்காக லெஸ்டர் சிட்டிக்கு எதிராக அவர் மீண்டும் களமிறங்கினார். அவருக்கு ஒரு தலைமுறை முன்னால் அதே அயர்லாந்து அணியின் தடுப்பரணாக நின்ற பால் மெக்ராத்துக்கு இப்படியொரு பயங்கரக் காட்சி நேரவில்லை. ஆயினும் எட்டு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் அவருடைய முழங்கால்கள் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. இந்த வேறுபாட்டுக்கான விடை பெரும்பாலும் இரத்தத்தில் இருக்கிறது.

எலும்பு பார்வைக்குக் கல்லைப் போன்றது என்றாலும் அதனுள்ளே இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எலும்பு முறியும்போது அவையும் கிழிகின்றன; முறிந்த முனைகளைச் சுற்றி இரத்தம் கசிந்து உறைகிறது. பழுதுபார்க்கும் வேலை அந்த உறைவிலிருந்தே தொடங்குகிறது. சிதைந்த துணுக்குகளை அகற்றும் செல்கள் முதலில் வருகின்றன. பிறகு புதிய திசுவை உருவாக்கும் செல்கள் வந்து, சில வாரங்களில் இரு முனைகளையும் மென்மையான ஒரு பாலத்தால் இணைக்கின்றன. அந்தப் பாலத்தில் கால்சியம் படிந்து அது கெட்டியாகிறது. அதன்பின் மிகையாக வளர்ந்த பகுதியைச் செதுக்கி எடுக்கும் வேலை மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், நடக்கிறது. தோலில் காயம் ஆறினால் தழும்பு எஞ்சும். எலும்போ தழும்பாக ஆறாமல், மறுபடியும் எலும்பாகவே வளர்ந்துவிடுகிறது.

முழங்கால் மூட்டின் உள்ளே நிலைமை முற்றிலும் வேறு. இறைச்சிக் கடையில் வெட்டி வைத்த ஆட்டுக்காலின் மூட்டு முனையை உற்றுப் பார்த்தால், நீலம் கலந்த வெண்மையில், ஈரப் பளபளப்புடன் ஒரு வழுவழுப்பான உறை தெரியும். விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் மூட்டுக் குருத்தெலும்பு. மனித முழங்காலில் பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். எடையில் முக்கால் பங்கை எட்டுமளவுக்கு நீரும், அந்த நீரைப் பிடித்து வைக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளின் வலையும் சேர்ந்ததே இந்த உறை. ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையை இது தாங்குகிறது. இவ்வளவு வேலை செய்யும் இந்தத் திசுவுக்குள் இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. மூட்டில் அழுத்தம் ஏறி இறங்கும்போது கடற்பஞ்சுபோல நீரை வெளியேற்றி உள்ளிழுப்பதன் மூலமே, சுற்றியுள்ள மூட்டுநீரிலிருந்து இது ஊட்டம் பெறுகிறது. கீறல் விழுந்தால் இரத்தம் உறைவதில்லை. ஆகவே பழுதுபார்க்கும் செல்களும் வந்து சேர்வதில்லை. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கூட்டிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை அடையாளமாகக் கொண்டு ஆராய்ந்தபோது, முதிர்ந்த மனிதரின் மூட்டுக் குருத்தெலும்பில் உள்ள கொலாஜன் புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம் என்று தெரியவந்தது. பதின்பருவத்தில் அமைந்த வலையைத்தான் நாம் கடைசிவரை சுமக்கிறோம்.

அதில் நரம்புகளும் கிடையாது என்பது இன்னொரு கேடு. தேய்மானம் தொடங்கும்போது குருத்தெலும்பு வலித்து எச்சரிப்பதில்லை. அடியில் இருக்கும் எலும்பும் மூட்டின் உள்ளுறையும் பாதிக்கப்பட்ட பிறகே வீரருக்கு வலி தெரிகிறது. அதற்குள் இழந்ததை மீட்க முடியாது.

‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல உறுப்புகள் கலந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்று மெனிஸ்கஸ்: தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கும் இரண்டு மெத்தைகள். இவற்றின் வெளி விளிம்புக்கு மட்டுமே இரத்தம் வருகிறது. எனவே அங்கே விழும் கிழிசல் தைத்தால் சேரும். உள்விளிம்பில் விழுந்தது சேர்வது அரிது. ஒரு காலத்தில் கிழிந்த மெனிஸ்கஸை முழுவதுமாக வெட்டி எடுத்துவிடுவதே வழக்கமாக இருந்தது. வீரர் சில வாரங்களில் ஆடத் திரும்பிவிடுவார் என்பதால் அது நல்ல சிகிச்சையாகவும் தோன்றியது. ஆனால் மெத்தை போனபின் அதே சுமை மிகச் சிறிய பரப்பில் இறங்குவதால், குருத்தெலும்பின் மீதான அழுத்தம் இரண்டு மூன்று மடங்காகக்கூட உயரும். இத்தகைய முழங்கால்களில் ஏற்படும் எலும்பு மாற்றங்களை 1948-லேயே ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு விவரித்திருந்தார். அந்த எச்சரிக்கை அறுவை அரங்குகளின் வழக்கத்தை மாற்றப் பல பத்தாண்டுகள் ஆயின என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அந்த இடைவெளியில் எத்தனையோ இளம் வீரர்களின் முழங்கால்கள் நாற்பது வயதுக்கு முன்பே முதியவரின் மூட்டுகளாகிவிட்டன.

1959-இல் லண்டனில் பிறந்து டப்ளினின் அநாதை இல்லங்களில் வளர்ந்த மெக்ராத், செயின்ட் பேட்ரிக்ஸ் அத்லெட்டிக் அணியிலிருந்து 1982-இல் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு வந்தார். ஏழு ஆண்டுகளில் அவருடைய முழங்கால்கள் மோசமாகி, ஓய்வு பெறச் சொல்லும் பேச்சுவரை எழுந்தது. அவர் மறுத்தார். 1989-இல் ஆஸ்டன் வில்லா நான்கு லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கி, வழக்கமான பயிற்சியிலிருந்து பெரும்பாலும் விலக்கி வைத்தது. வார நாள்களில் ஓய்வு, ஆட்ட நாளில் மட்டும் முழு ஓட்டம். சலுகைபோலத் தோன்றினாலும் அதில் உயிரியல் நியாயம் இருந்தது. மீளாத ஒரு பொருளின் கையிருப்பைப் பயிற்சி மைதானத்தில் செலவழிக்காமல் ஆட்டத்துக்கென்று சேமித்தார்கள். அசைவே இல்லாவிட்டாலும் குருத்தெலும்புக்கு ஊட்டம் குறையும். ஆகவே இத்தகைய மூட்டுகளுக்கு, மோதல் இல்லாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கும் சைக்கிள் மிதிப்பு போன்ற பயிற்சிகள் உகந்தவை.

அந்த முழங்கால்களுடன் வில்லாவுக்காக 250-க்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்களில் ஆடிய மெக்ராத்தை, 1993-இல் சக வீரர்கள் இங்கிலாந்தின் அந்த ஆண்டுக்கான சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1994 ஜூன் 18 அன்று நியூஜெர்சியின் ஜயன்ட்ஸ் மைதானத்தில் இத்தாலிக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில் அயர்லாந்தின் ரே ஹௌட்டன் 11-ஆவது நிமிடத்தில் அடித்த ஒரே கோலை, எஞ்சிய நேரம் முழுவதும் 34 வயது மெக்ராத் முன்னின்று காத்தார். பந்தை விரட்டி ஓடுவதைவிட, அது வரப்போகும் இடத்தை முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்பது அவர் பாணி. திடீரென்று திரும்புவதும் நெடுந்தூரம் விரைவதும்தான் தேய்ந்த மூட்டுக்கு ஆகாதவை. அவற்றின் தேவையை அவருடைய கண் குறைத்துக் கொடுத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1998-இல், ஷெஃபீல்ட் யுனைட்டெட் வீரராக அவர் ஆட்டத்திலிருந்து விலகியபோது அவருக்கு 38 வயது.