தெய்யம்: சாமியா, பேயா?

ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் 'பேய்' என்பதைவிடத் 'தெய்யம்' சீக்கிரம் வாயில் வரும். ராணுவக் கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் லீவில் வந்திருந்தான். "ராத்திரி சென்ட்ரி நிக்கும்போது பூட்ஸ் சத்தம் மட்டும் கேக்குது ஆயா, ஆளக் காணோம். தெய்யம்னு சொல்றாங்க" என்றான். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த திருத்தணிக்கார ஆயா நிமிராமலே கேட்டார்: "எந்தத் தெய்வம்ப்பா, முருகனா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் சொல்லின் வேரைத் தொட்டவர் ஆயாதான்.

தெலுங்கில் தெய்யம் என்றால் பேய். தய்யம் என்றும் எழுதுவார்கள். 'தைவம்' என்ற வடசொல் திரிந்து வந்தது. பழைய தெலுங்கில் அதற்குக் கடவுள், விதி என்ற பொருள்களும் உண்டு. இன்று கடவுளுக்குத் 'தேவுடு' இருக்கிறார், தெய்யத்துக்குப் பேய் வேலைதான் மிச்சம். அதே சொல் கண்ணூர், காசர்கோடு பக்கம் போனால் சாமியேதான். முகத்தில் சாயமெழுதி, பெரிய முடி தரித்து, தெய்யம் ஆடி வந்து அருள்வாக்குச் சொல்லும். நம் தெய்வமும் இவற்றுக்கு உறவுதான்.

தெலுங்குத் தெய்யத்துக்குச் சரியான தமிழ், பேய். சங்கப் புலவர் ஒருவரின் பெயரே பேய்மகள் இளவெயினி. 'தெய்யம் பட்டிந்தி' என்பது அப்படியே 'பேய் பிடித்தது'. கவனித்தால், பேய் பிடிக்கும், சாமி வரும். யாரும் மாற்றிச் சொல்வதில்லை. பழமொழிதான் கொஞ்சம் நழுவுகிறது. தெலுங்கில் தெய்யங்கள் வேதம் ஓதும், தமிழில் அந்த வேலையைச் சாத்தான் பார்க்கிறது.

தமிழிலும் பேய்க்கும் சாமிக்கும் நடுவில் பெரிய சுவர் எதுவும் இல்லை. அரக்கோணம் பக்கத்தில் இருக்கும் திருவாலங்காட்டைப் பாடிய காரைக்கால் அம்மையார், 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து' என்று ஒரு பெண்பேயைக் கூசாமல் வருணித்துவிட்டு, பதிகத்தின் முடிவில் தன்னையே 'காரைக்காற் பேய்' என்கிறார். ஆழ்வார்களிலும் ஒரு பேயாழ்வார்.

அப்புறம் 'ஆவி'. மூச்சு, உயிர், இட்லிப் பானையில் எழுவது எல்லாம் ஆவிதான். செத்தவர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவாவது அடையாளம் தெரிந்தால் ஆவி, தெரியாவிட்டால் பேய் என்பது என் கணக்கு. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1972-இல், 4714-ஆம் எண் அறையில் பழங்காலச் சீருடையில் ஒரு சிப்பாயைப் பார்த்ததாக மாணவர்கள் சொன்னார்கள். அது ஆவி. நம் பையன் கேட்ட பூட்ஸ் சத்தத்துக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. பேய் என்றே வைத்துக்கொள்வோம்.

இப்படிப்பட்ட இடத்தை 'ஹாண்டட்' என்கிறார்கள். 'பேய் நடமாட்டமுள்ள இடம்' என்று நம்மிடம் எப்போதிலிருந்தோ இருக்கிறது. பூட்ஸ் போட்டு நடக்கிற பேய்க்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.